பத்தாவது கட்டம்

சின்ன விஷயம் என்றுதான் சொன்னார். ஒன்பது நாற்பதுக்குப் போன் வந்தது. "சென்றாயா, ஆபீஸ்லதான இருக்க? பதினோரு மணிக்கு வர்றேன். ஒரு சின்ன விஷயம்." அதன் பிறகு அர்த்தனாரி அண்ணா இரண்டு முறை இருமினார், வைத்துவிட்டார். இப்போது மணி பத்து இருபது. இன்னும் நாற்பது நிமிடம். கீழே பாத்திரக் கடையில் பெயர் வெட்டும் மெஷின் காலையிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. ர்ர்ர்ர் என்று ஒரு எழுத்து, ஒரு மூச்சு நேரம் அமைதி, மறுபடி ர்ர்ர்ர். பங்குனி முழுக்க இப்படித்தான் ஓடும், கல்யாண மாதம். அந்தச் சத்தம் எனக்குக் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது. நாற்காலியின் இரும்புக் கால் வழியாக ஏறி, முதுகெலும்பு வழியாக வந்து, கடைவாய்ப் பல்லில் நிற்கிறது. மெஷின் நின்றால் அவர் சொன்னது கேட்கிறது. மெஷின் ஓடினால் அவர் இருமியது கேட்கிறது. முதல் இருமல் நீளம், இரண்டாவது குட்டை. வெயிலில் யாருக்கும் இருமல் வரும். ஜவ்வரிசி மில் பக்கம் போய்வந்தால் வரும். ஊரில் பாதிப் பேர் இருமிக்கொண்டுதான் இருக்கிறார்கள். டெய்சி அக்காகூட காலையில் வந்ததும் இருமினார், அதற்கு நான் பயந்தேனா? தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான். டெய்சி அக்கா எங்கள் லேப் டெக்னீஷியன். பக்கத்து அறையில் ஊசிகளை எண்ணி டப்பாவில் போட்டுக்கொண்டிருக்கிறார். கதவிடுக்கு வழியாக என்னைப் பார்த்து, "என்ன சென்றாயன், ப்ளஸ் டூ ரிசல்ட்டா? அந்த அலமாரிய மூணாவது தடவையா தொறக்குற. கீல் கழண்டுறப் போகுது," என்கிறார். இல்லக்கா, ஒரு ஃபைல் தேடுறேன். "கெடச்சுதா?" கெடச்சுது. "அப்ப மூடு." மூடினேன். கிடைத்தது என்பதுதான் பிரச்சினை. பழுப்பு அட்டை, மேலே பெயர் கிடையாது, எண் மட்டும். நானூற்றுப் பதினேழு. எங்களிடம் வருகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கீழே ஒரு சொம்பைக்கூடப் பெயர் வெட்டாமல் கொடுப்பதில்லை, மேலே ஒரு மனிதனையும் பெயர் போட்டு எழுதுவதில்லை.

வாசலில் போர்டு இருக்கிறது, நலவாழ்வு மையம் என்று. அதற்கு மேல் ஒன்றும் எழுதவில்லை. எழுதினால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். அதனால் மாதம் இரண்டு பெண்கள் தைராய்டுக்கு டயட் கேட்டு மாடி ஏறி வருகிறார்கள். டெய்சி அக்கா அவர்களையும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை, முட்டைக்கோஸைக் குறைங்கம்மா என்று சொல்லி அனுப்புகிறார். உண்மையில் இங்கே வர வேண்டியவர்கள் ஆண்கள். ஆண்களை விரும்பும் ஆண்கள். அவர்களிடம் பேசுவதுதான் என் வேலை. ஏழு வருடமாகப் பேசுகிறேன். முன்பெல்லாம் ஆணுறை, டெஸ்ட், இவ்வளவுதான் பேச்சு. இப்போது மாத்திரை வந்திருக்கிறது. எச்.ஐ.வி. வந்த பிறகு சாப்பிடுவது இல்லை, வராமல் இருக்கச் சாப்பிடுவது. ப்ரெப் என்று பெயர். தினமும் ஒன்று. இதைச் சொல்லிப் புரியவைப்பது எவ்வளவு சுலபம் என்று நினைத்தேன், எவ்வளவு கஷ்டமாக இருந்தது. வியாதி இல்லாதவனுக்கு எதுக்குடா மாத்திரை என்று கேட்பார்கள். பழைய பஸ் ஸ்டாண்டு ரோஸி, நிஜப் பெயர் ரவிக்குமார், பூக்கடையில் மாலை கட்டுகிற ஆள், முதல் நாள் என்னைப் பார்த்துக் கேட்டான்: "இதப் போட்டா நான் பத்தினி ஆயிருவனா?" ஆக மாட்ட, ஆனா உசுரோட இருப்ப என்றேன். "உசுரோட இருந்து என்ன பண்றது, பத்தினியும் ஆகாம?" என்று சிரித்துவிட்டு, மறுநாளே வந்து ரத்தம் கொடுத்தான். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தோம், எச்.ஐ.வி. இல்லை என்று பார்த்தோம், டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஒன்றரை வருடமாகப் போடுகிறான். ஒரு நாள் மறந்தாலும் எனக்குப் போன் செய்து என்னைத் திட்டுவான், நான்தான் மறந்தது போல. அவனிடம் எல்லாம் கேட்டேன். எத்தனை பேர் என்று கேட்டேன், எங்கே என்று கேட்டேன், ஆணுறை கிழிந்ததா என்று கேட்டேன். கூசவில்லை. முகம் தெரியாதவர்களிடமும் கேட்டிருக்கிறேன், போனில், பார்க்கில், ஒரு முறை ஒருவர் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து போய்க்கொண்டே. நூற்றுக்கணக்கான பேரிடம் கேட்ட வாய் இது. ஒரே ஒருவரிடம் கேட்கவில்லை. அவர் பதினோரு மணிக்கு வருகிறார்.

சின்ன விஷயம் என்பது ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்டின் வார்த்தை. அது எனக்குத் தெரியும். அண்ணாவோடு அவர் ஏஜென்ட் ஆபீஸ் அறையில் இரண்டு மாதம் இருந்தவன் நான். வந்த ஆளை உட்காரவைத்து, ஃபேனை அவர் பக்கம் திருப்பி, "ஒண்ணுமில்லீங்க, ஒரு சின்ன விஷயம்" என்பார். அதன் பிறகு வருவது எதுவும் சின்னதாக இருக்காது. க்ளெய்ம் நிராகரித்துவிட்டார்கள் என்பதையும் அப்படித்தான் சொல்வார். ஓமலூர்க்காரர் ஒருவரின் மகன் லாரி மோதிச் செத்தபோது, அந்த அப்பாவிடம் இன்னும் ஒரு சர்டிபிகேட் வேண்டும் என்று சொல்ல அவருக்கு அந்த இரண்டு வார்த்தைதான் கிடைத்தது. பெரியதைத் தூக்க முடியாதபோது அதன் மேல் சின்னது என்று ஒரு சீட்டு ஒட்டிவிடுவார். இருமல், சின்ன விஷயம். போன மாதம் நாலு ரோட்டில் பார்த்தபோது சட்டை தோளில் தொங்கியது. இளைத்திருந்தாரா, பெரிய சட்டையா? அவர் மனைவி பூங்கொடி அண்ணி வழக்கமாக அளவு பார்த்துத்தான் எடுப்பார். அண்ணி. இல்லை, அந்தப் பக்கம் இப்போது போகக் கூடாது. மணி பத்து முப்பத்தொன்று. பதினொரு நிமிடம்தான் ஆகியிருக்கிறதா? அண்ணாவிடம் இன்னொரு பழக்கம் உண்டு. பாலிசி ஃபாரத்தில் உடம்பைப் பற்றி ஒரு பக்கம் கேள்விகள் இருக்கும். சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா, குடும்பத்தில் யாருக்காவது. அவர் அதை வாடிக்கையாளரிடம் கேட்கவே மாட்டார். "நீங்க கீழ கையெழுத்து போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்." ஆள் போன பிறகு பேனாவை எடுத்து இல்லை, இல்லை, இல்லை என்று வரிசையாக இறக்குவார். கை பழகிய வேகம். இப்படி எழுதலாமாண்ணா என்று கேட்டேன் ஒரு நாள். "மூஞ்சிக்கு நேரா உனக்கு மூலமான்னு எப்படிடா கேக்கறது? மனுசன் சங்கடப்படுவான்ல," என்றார். அவருக்கு அது ஏமாற்று இல்லை. மரியாதை. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் பட்டது.

அந்த மரியாதையில்தான் நான் பிழைத்தேன். என் போனைக் கூடப்பிறந்த அண்ணன் பிடுங்கிப் பார்த்த அன்றைக்கு, எனக்கு இருபத்தாறு வயது, காலில் செருப்பு இல்லாமல் வீட்டை விட்டு வெளியே நின்றேன். கால் சுட்டது. தார் ரோடு அப்படிச் சுடும் என்று அதுவரை தெரியாது. எங்கே போவது என்று தெரியாமல் அப்பாவின் இன்சூரன்ஸ் ஏஜென்டான அர்த்தனாரி அண்ணாவின் அறைக்குப் போனேன். ஏன் அங்கே? ஏனென்றால் அதற்கு ஒரு வருடம் முன்னால் அஸ்தம்பட்டி பார்க்கில், மாலை ஆறு மணிக்கு, ஆண்கள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும் அந்தக் கடைசி பெஞ்சில் அவரைப் பார்த்திருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் மழை வருமா என்று பேசிவிட்டு எழுந்து போனோம். அதற்குப் பிறகு எத்தனையோ நாள் பார்த்துக்கொண்டோம், அந்தப் பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அறை வாசலில் என் வெறுங்காலைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் செருப்பை எடுத்து வந்து போட்டார். "பின்னாடி ரூம்ல பாய் இருக்கு," என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை. இரண்டு மாதம். பகல் ஒரு மணிக்கு அண்ணியிடமிருந்து மூன்றடுக்குக் கேரியர் வரும், ஒரு அடுக்கு எனக்கு என்று அண்ணிக்குத் தெரியும், ரசத்தில் மிளகு தூக்கலாக இருக்கும், வீட்டை விட்டு வந்த பையனுக்குச் சளி பிடிக்கும் என்று. அண்ணியும் ஏன் என்று கேட்கவில்லை. உலகத்தில் எல்லாரும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஏன்டா, எப்போலருந்துடா, டாக்டரப் பாத்தியாடா, இந்த இரண்டு பேர் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அன்பு என்று அந்த இரண்டு மாதத்தில் என் உடம்பு கற்றுக்கொண்டது. உடம்பு கற்றுக்கொண்டதை மறக்கவைப்பது கஷ்டம். மெஷின் நின்றுவிட்டது. யாரோ கீழே பேசுகிறார்கள், இன்ஷியல் முன்னாடியா பின்னாடியா என்று கேட்கிறது. மறுபடி ர்ர்ர்ர்.

அப்புறம் ஆடிப் பண்டிகை. ஊரே விடுமுறை விட்டதற்கு மறுநாள். தெருவில் மாவிளக்கு வாசம் போகவில்லை. அண்ணா மாடி ஏறி வந்தார், கையில் தோல் பை, "உங்க ஸ்டாஃபுக்கெல்லாம் ஒரு குரூப் பாலிசி போட்டா என்ன?" என்றார். ஸ்டாஃப் இரண்டரை பேர், அவருக்குத் தெரியும். உட்கார்ந்தார். பையை மடியில் வைத்தார், கீழே வைத்தார், மறுபடி மடியில் வைத்தார். பிறகு, "வந்ததோட வந்தேன், அந்த டெஸ்டும் பாத்துரலாமா?" என்றார். அந்த டெஸ்டும். நான் எழுந்து டெய்சி அக்காவைக் கூப்பிட்டேன். ஏன் அவ்வளவு வேகமாக எழுந்தேன்? விரலில் குத்தி எடுத்தார்கள், ஒரே கோடு, இல்லை என்று வந்தது. பிறகு ஃபாரம். எங்கள் ஃபாரத்தில் பத்துக் கட்டம். முதல் மூன்று சும்மா, வயது, கல்யாணம், வேறு வியாதி. நாலாவது, கடந்த ஆறு மாதத்தில் எத்தனை ஆண்களுடன். ஐந்தாவது, ஒவ்வொரு முறையும் ஆணுறை உண்டா. அப்படியே போய் ஒன்பதாவது, தடுப்பு மாத்திரை தொடங்க விருப்பமா. மூன்று வரை கேட்டேன். நாலாவதில் பேனா நின்றது. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பையின் ஜிப்பைப் பார்த்தேன். அதில் ஒரு பல் உடைந்திருந்தது. "நீங்க உக்காருங்கண்ணா, நான் எழுதிக்கறேன்," என்றேன். நாலாவதில் இல்லை. ஐந்தாவதில் பொருந்தாது. ஆறு இல்லை, ஏழு இல்லை, எட்டு இல்லை. ஒன்பதில், அவருடைய விருப்பத்தையும் நானே, இல்லை. அவர் கையைப் போலவே என் கை இறங்கியது. பத்தாவது கட்டம் எனக்கானது. மாத்திரை பற்றி முழுமையாக விளக்கப்பட்டதா? ஆம். அங்கே மட்டும் ஆம். ஒன்றுமே விளக்கவில்லை. மாத்திரை என்ற வார்த்தையே அந்த அறையில் வரவில்லை. அவர் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டார். அவருடைய வாடிக்கையாளர்கள்தான் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள், அவர் படிப்பார். விரலை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்து வைத்துப் படித்தார். நாலாவதில் விரல் கொஞ்ச நேரம் இருந்தது. பத்தாவதிலும் இருந்தது. பிறகு கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி என்னிடம் கொடுத்து, "நல்லா எழுதியிருக்க," என்றார். போய்விட்டார்.

நல்லா எழுதியிருக்க. எட்டு மாதமாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். காப்பாற்றிவிட்டாய் என்று அர்த்தமா? என்னை மாதிரியே ஆகிவிட்டாய் என்று குத்தினாரா? சட்டைக்குச் சோப்பு போடும்போது வரும், பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது வரும். முக்கியமாகக் காலையில் வரும், பல் விளக்கிவிட்டு என் மாத்திரையை எடுக்கும்போது. நான் போடுகிறேன், இரண்டு வருடமாக. பெரிய மாத்திரை, நீல நிறம், நிறையத் தண்ணீர் வேண்டும். அது தொண்டையில் இறங்கும்போது ஒவ்வொரு நாளும் ஒரு நொடி, அவருக்கு ஏன் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து டெஸ்டுக்கு வரச் சொல்லிக் கூப்பிட வேண்டும், பட்டியலில் அவர் எண் வந்தது, கூப்பிடவில்லை. எல்லாம் இல்லை என்று எழுதிய ஆளை எதற்குக் கூப்பிடுவது? நானே எழுதிய பொய் எனக்கே காரணம் ஆனது. மறுபடி மூன்று மாதம். எட்டு மாதத்தில் எவ்வளவோ நடக்கலாம். பார்க் பெஞ்சு அங்கேயேதான் இருக்கிறது. அண்ணி. சரி, அந்தப் பக்கமும் போய்த்தான் ஆக வேண்டும். அவருக்கு வந்திருந்தால் அது அவரோடு நின்றிருக்குமா? மூன்றடுக்குக் கேரியரில் ஒரு அடுக்கு எனக்குக் கட்டிய கை. நான் ஒரு கேள்வி கேட்கச் சங்கடப்பட்டேன், அவ்வளவுதான், ஒரே ஒரு கேள்வி, அதற்கு அந்தக் கையா? பெட்டியில் இருக்கிற மருந்து, அலமாரியில், என் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் தூரத்தில். அவர் இன்றைக்கு வந்து உட்கார்ந்து, ஒண்ணுமில்லடா, ஒரு சின்ன விஷயம், வெளிய ஒரு டெஸ்ட் எடுத்தேன் என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? இந்த வேலை பார்ப்பவனாக என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். பயப்படாதீங்க, இப்ப நல்ல சிகிச்சை இருக்கு, அரசு மருத்துவமனையில இலவசம், நான் கூட வர்றேன். எல்லாம் உண்மை. நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவரிடம் சொல்லும்போது ஃபைல் நானூற்றுப் பதினேழு நடுவில் திறந்து கிடக்கும். விளக்கப்பட்டதா? ஆம். என் கையெழுத்து. பத்து ஐம்பத்திரண்டு. மெஷின் நிற்கவே மாட்டேன் என்கிறது. அக்கா, கீழ கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்களேன். "ஏன், உன் கல்யாணப் பாத்திரத்துலயா வெட்டுறாங்க? இப்படித் துடிக்கிற," என்கிறார் டெய்சி அக்கா. பிறகு என் முகத்தைப் பார்த்தார். "யாரு வர்றாங்க?" அர்த்தனாரி அண்ணா. டெய்சி அக்கா ஊசி டப்பாவை மூடிவிட்டு, டெஸ்ட் கிட் ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். அவர் அன்றைக்கே பார்த்திருக்கிறார் போல, நான் கேட்காமல் எழுதியதை.

மெஷின் நின்றது. படியில் செருப்புச் சத்தம். மெதுவாக வருகிறது, இரண்டு படிக்கு ஒரு நிறுத்தம், மூச்சு வாங்குகிறாரா? எண்ணினேன். மொத்தம் பத்தொன்பது படி. பதினான்கில் ஒரு இருமல். கதவு திறந்தது, முதலில் ஒரு அட்டைப் பெட்டிதான் உள்ளே வந்தது, பின்னால் அண்ணா. "பிடிடா, பிடிடா, கை விட்டுப்போச்சு." பிடித்தேன். கனம். மேஜையில் வைத்ததும் உள்ளே கணகணவென்று மோதிக்கொண்டன. திறந்தார். மூடி போட்ட சின்னச் சின்ன எவர்சில்வர் சம்படங்கள். "ஏஜென்ட் ஆகி இருபத்தஞ்சு வருசம். கஸ்டமருக்கெல்லாம் ஒண்ணு குடுக்கலாம்னு உங்க அண்ணி சொன்னா. டைரி குடுத்தா குப்பையில போடறாங்க, சம்படத்த யாரும் போட மாட்டாங்கன்னா. ஒம்பது மணியிலருந்து கீழதான் நின்னுட்டு இருக்கேன், பேரு வெட்டிக்கிட்டு. பொடி பறந்து ஒரே இருமல். நாப்பது வெட்டறதுக்குள்ள காது போச்சு." இதாண்ணா சின்ன விஷயம்? "பின்ன? இதுல ரெண்டு உனக்கும் டெய்சிக்கும். மீதிய இங்க வச்சிட்டுப் போறேன், சாயங்காலம் எடுத்துக்கறேன், தூக்கிட்டு அலைய முடியல." காலையிலிருந்து என் பல்லில் ஓடியது அவருடைய பெயர். உடம்பு முழுக்க ஏதோ அவிழ்ந்தது. சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. "எதுக்குடா சிரிக்கற?" ஒண்ணுமில்லண்ணா. அவர் சட்டை தோளில் தொங்கவில்லை. இளைக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. டீ சொல்லட்டுமா? "சொல்லு, சர்க்கர கம்மி." அவ்வளவுதான், முடிந்தது, டீ குடித்துவிட்டுப் போவார், நாளைக் காலை மாத்திரை போடும்போது ஒரு நொடி வரும், போகும். இப்படித்தான் எட்டு மாதம் போனது. இந்த நிம்மதிதான் அது. அன்றைக்கு ஒரே கோடு வந்தபோதும் இதே நிம்மதிதான் வந்தது, அந்த நிம்மதியில்தான் பேனா வரிசையாக இறங்கியது. அவர் சம்படம் ஒன்றின் மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடிக் கொண்டிருந்தார். இரண்டு சம்படத்தைப் பாத்திரக் கடைக்காரர் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கலாம். பெட்டியைக் கீழேயே வைத்துவிட்டுப் போயிருக்கலாம். நாற்பது சம்படத்தையும் தூக்கிக்கொண்டு பத்தொன்பது படி ஏன் ஏறினார்? குரூப் பாலிசிக்கு அன்றைக்கு ஏறியது போல.

அண்ணா, ஒரு ஃபாரம் இருக்கு. "என்ன, நாமினி மாத்தணுமா?" உங்களோடதுதான், ஆடில எழுதினது. அது தப்புண்ணா. நான் உங்களக் கேக்காமலே எழுதிட்டேன். மூடி நின்றது. ஃபைலை எடுத்து மேஜையில் வைத்தேன், என் கை வியர்வை அட்டையில் ஒட்டியது. அவர் அதைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். "இப்ப எதுக்கு அது?" இப்ப கேக்கணும். கீழே ஒரு குடத்தை யாரோ தட்டிப் பார்த்தார்கள், ஓட்டை இல்லையா என்று. பிறகு அண்ணா சொன்னார், மூடியிடம் சொல்வது போல, "அன்னைக்கு ரெண்டு நாள் ஒத்திக பாத்துட்டு வந்தேன்டா. வண்டிய நாலு ரோட்டுல நிறுத்தி, இவன் இப்படிக் கேட்டா இப்படிச் சொல்லணும், அப்படிக் கேட்டா அப்படிச் சொல்லணும்னு. கடைசில பாத்தா நீ எல்லாத்தையும் எழுதி வச்சிருக்க. நான் என் ஆளுங்களுக்கு எழுதற மாதிரியே." நல்லா எழுதியிருக்கன்னு சொன்னீங்களேண்ணா. "வேற என்னடா சொல்றது? கையெழுத்து நல்லா இருந்துச்சு." எட்டு மாதம் நான் திருப்பித் திருப்பிப் பார்த்தது அவ்வளவுதானா. எனக்கு அழுகை வரும் போல இருந்தது, வரவில்லை. புது ஃபாரம் ஒன்று எடுத்தேன். அதே எண். கதவை அவரே எழுந்து சாத்தினார். "கேளு," என்றார்.

முதல் மூன்றைக் கேட்டேன். நாலாவதற்கு வந்தேன். பையின் ஜிப்பைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்து, ஃபாரத்தில் இருக்கிற வார்த்தையிலேயே, ஒரு எழுத்து விடாமல் கேட்டேன். கடந்த ஆறு மாதத்தில் எத்தனை ஆண்களுடன்? சரியாக அப்போது மெஷின் ஓட ஆரம்பித்தது, வேறு யாருடைய பாத்திரமோ. அவர் வாய் திறந்து பேசவில்லை. சம்படத்தை வைத்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார், பஸ்ஸில் டிக்கெட் கேட்பது போல. மூன்று என்று எழுதினேன். ஐந்தாவதைக் கேட்டேன், தலையை ஆட்டினார், சில நேரம் உண்டு, சில நேரம் இல்லை. எழுதினேன். ஒன்பது வரை ஒரு கட்டத்தையும் விடவில்லை. ஒன்பதாவதில், "அது என்ன மாத்திரடா?" என்றார். டெய்சி அக்கா வந்து அவர் விரலில் குத்தி, கிட்டில் சொட்டு விட்டுப் போனார். ரிசல்ட் வரும்வரை, அந்த இருபது நிமிடமும் நான் சொன்னேன். தினமும் ஒன்று என்று சொன்னேன். முதல் வாரம் வயிற்றைக் கொஞ்சம் பிரட்டலாம், பிறகு சரியாகும் என்று சொன்னேன். தொடங்கும் முன் சிறுநீரகம் பார்க்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தாக வேண்டும், இந்த முறை நான் விடமாட்டேன் என்று சொன்னேன். இது எச்.ஐ.வி.யைத்தான் தடுக்கும், மற்ற வியாதிக்கு ஆணுறைதான் என்று சொன்னேன். நீங்கள் போட்டால் அண்ணிக்கும் நல்லது என்றேன். அவர் தரையைப் பார்த்தார். "நீ போடறியா?" என்றார். இத்தனை வருடத்தில் அவர் என்னைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் கேள்வி. தினமும் காலைலண்ணா, பல் வெளக்கினதும். "கசக்குமா?" இல்லண்ணா, பெருசா இருக்கும், தண்ணி நெறையக் குடிக்கணும். டெய்சி அக்கா கதவைத் தட்டித் தலையை மட்டும் நீட்டி, "ஒரு கோடுதான். சந்தோசமா இருங்க. டாக்டர் நாலு மணிக்கு வந்துருவாரு, வந்து பாத்துட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு மூடினார். அண்ணா கண்ணை மூடிக்கொண்டார். நான் பத்தாவது கட்டத்தில் ஆம் என்று எழுதினேன், இரண்டாம் முறையாக, முதல் முறையாக. ஃபாரத்தை அவர் பக்கம் திருப்பினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். விரலை ஒவ்வொரு கட்டத்தின் மேலும் வைத்தார். நாலாவதில் விரல் நின்றது. ஒரே கோடு வந்தாயிற்று, இனி யாருக்குத் தெரியப்போகிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து போகலாம். விரல் நகரவில்லை. கீழே மெஷின் ஓய்ந்திருந்தது, ஃபேன் சத்தம் மட்டும். "இது மூணு இல்லடா," என்றார், வாயைத் திறந்து, சத்தமாகவே. "நாலு. சரியா எழுது."